காமன் மியூசிக் நிறுவுவதில் சிக்கல்: எஸ்பிசிஎல் ஓடுகிறது, மற்றதெல்லாம் மக்கர் செய்கிறது

ஏழும்ஐந்தும்:

வணக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நிரல் எழுதுகிற ஆள் இல்லை. கீபோர்டு வாசிப்பேன், இசைக்குறிப்பு மென்பொருளில் சின்னதாக ஏதாவது எழுதிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது இது. ஏழு சுரங்கள் கொண்ட ஒரு வரிசை. ஐந்து கால அளவுகள் கொண்ட இன்னொரு வரிசை. இரண்டும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு சுரமும் முடிந்து முதல் சுரம் திரும்பும்போது கால அளவு வேறு இடத்தில் நிற்கும், அதனால் அதே சுரம் வேறு நீளத்தில் கேட்கும். கையால் எழுதினால் ஒட்டுவதும் வெட்டுவதுமாகவே பொழுது போகிறது. நடுவில் ஒரு சுரத்தை மாற்ற நினைத்தால் அது வருகிற எல்லா இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். "இது லிஸ்ப் என்ற நிரல் மொழியில் நாலு வரி" என்று நண்பன் ஒருவன் சொன்னான். அந்த நாலு வரியை எழுதுவதற்கு முன்னால் என்னென்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டான்.

கணினி விண்டோஸ் 10, 64 பிட். நிலவரம் இப்படி:

லிஸ்ப்பை ஓட்டும் எஸ்பிசிஎல் நிறுவியாயிற்று. கறுப்புத் திரையில் ஒரு நட்சத்திரக் குறி வருகிறது. இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னால் 5 என்கிறது. அதுவரை சந்தோஷம்.

லிஸ்ப் நூலகங்களை இறக்கித் தரும் குவிக்லிஸ்ப்பும் நிறுவினேன், பிழை எதுவும் இல்லை. ஜன்னலை மூடிவிட்டு மறுபடி திறந்தால் க்யூஎல் என்ற அதன் பேக்கேஜே இல்லை என்கிறது. நிறுவியது எங்கே போயிற்று?

லிஸ்ப்பில் இசை எழுத உதவும் காமன் மியூசிக்கை ஜிப்பாக இறக்கி, பிரித்து, டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். ஏற்றச் சொன்னால் அப்படி ஒரு சிஸ்டம் கிடைக்கவில்லை என்று சொல்கிறது. கண்ணெதிரே இருக்கிறதே ஐயா!

இதற்கிடையில் காமன் மியூசிக் என்ற அதே பெயரில், கிரேஸ் என்ற அழகான ஜன்னலோடு இன்னொன்றும் கிடைத்தது. அது சொன்ன பேச்சு கேட்டுத் திறக்கிறது. ஆனால் நான் வைத்திருக்கும் பாடத்திலிருந்து எந்த வரியைப் போட்டாலும் பெயர் தெரியவில்லை என்கிறது.

இன்னொன்று, பிழை வந்த பிறகு நட்சத்திரக் குறி போய், பூச்சியமும் சதுர அடைப்பும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் என்ன தட்டினாலும் அடைப்புக்குள் 2, 3, 4 என்று எண் ஏறிக்கொண்டே போகிறது. நான் எதையோ கெடுத்துக்கொண்டிருக்கிறேனா?

வேகத்தடை:

பைத்தானுக்குப் போய்விடுங்கள். மியூசிக்21 என்ற நூலகம் இருக்கிறது, ஒரே வரியில் நிறுவிவிடலாம். இந்தக் காலத்தில் எதற்கு லிஸ்ப்?

அடைப்புக்குறி:

வேகத்தடை சொல்வதில் தப்பில்லை, மியூசிக்21 நல்ல நூலகம்தான். ஆனால் அதன் பலம் ஏற்கெனவே எழுதப்பட்ட இசையை அலசுவதில். கேட்டவருக்கு வேண்டியது தனித்தனியாகச் சுற்றும் இரண்டு வரிசைகள். காமன் மியூசிக்கில் அது கூடவே வருகிறது, நாம் எதையும் கட்ட வேண்டியதில்லை. வீட்டு வாசல் வரை வந்தவரை எதற்குத் திருப்பி அனுப்புவது?

ஏழும்ஐந்தும், நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் புதியவர்களை அதிகம் பயமுறுத்துவது. எஸ்பிசிஎல்லில் பிழை வந்தால் நிரல் செத்துவிடாது. அந்த இடத்திலேயே நின்று "இப்போது என்ன செய்யட்டும்?" என்று கேட்கும். மேலே 0, 1, 2 என்று எண் போட்டுச் சில வழிகளைக் காட்டியிருக்கும், பாருங்கள். அந்த எண்ணைத் தட்டினால் போதும். நட்சத்திரக் குறிக்குத் திரும்ப, மேல் மட்டத்துக்குத் திரும்பு என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் பட்டியலின் கடைசியில். அதன் எண். நீங்கள் பதில் சொல்லாமல் புதிதாக எதையாவது தட்டி, அதிலும் பிழை வந்தால், பிழைக்குள் பிழை. அதனால்தான் எண் ஏறுகிறது. பதில் சொல்லும்வரை காத்திருக்கும், வேறொன்றும் ஆகாது.

குவிக்லிஸ்ப் எங்கேயும் போகவில்லை, வட்டில் பத்திரமாக இருக்கிறது. எஸ்பிசிஎல் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடுதான் திறக்கும். திறக்கும்போதே குவிக்லிஸ்ப்பை ஏற்று என்று அதன் தொடக்கக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதற்கே க்யூஎல்லில் ஆட்-டு-இனிட்-ஃபைல் என்று ஒரு கட்டளை உண்டு. (கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில்.) முதலில் வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும் குவிக்லிஸ்ப் கோப்புறையின் செட்டப் கோப்பை லோட் செய்யுங்கள், அப்புறம் அந்தக் கட்டளை. என்ன எழுதப்போகிறேன் என்று காட்டிவிட்டு என்டர் தட்டச் சொல்லும். தட்டினால்தான் எழுதும்.

கையாலேயே எழுதிக்கொள்கிறேன் என்று நோட்பேடைத் திறந்தீர்களானால் ஒரு எச்சரிக்கை. அந்தக் கோப்பின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்கி எஸ்பிசிஎல்ஆர்சி என்று முடியும், அவ்வளவுதான். நோட்பேடு பின்னால் ஒரு டிஎக்ஸ்டியை ஒட்டிவிடும், விண்டோஸ் அதைக் கண்ணுக்குக் காட்டாது. பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், எஸ்பிசிஎல் மட்டும் கண்டுகொள்ளாது.

டெஸ்க்டாப் விஷயம். குவிக்லிஸ்ப்பின் கோப்புறைக்குள் லோக்கல்-ப்ராஜெக்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். நாமே இறக்கியவற்றை அங்கேதான் தேடும், டெஸ்க்டாப்பை எட்டிக்கூடப் பார்க்காது. காமன் மியூசிக் கோப்புறையை அப்படியே அங்கே நகர்த்துங்கள். உள்ளே ஏஎஸ்டி என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், அதைத்தான் அது அடையாளம் காணும். இருந்தும் கிடைக்கவில்லை என்றால் ரெஜிஸ்டர்-லோக்கல்-ப்ராஜெக்ட்ஸ் என்ற கட்டளையைக் கொடுங்கள், பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். கோப்புறைப் பெயரில் சதுர அடைப்பு, நட்சத்திரம் இதெல்லாம் வேண்டாம். லிஸ்ப்புக்கு அவை "ஏதாவது ஒன்று" என்று பொருள்படும் குறிகள்.

கிரேஸைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், உங்கள் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

காமன் மியூசிக்கை 1989இல் தொடங்கியவர் ஹைன்ரிக் டாபே. அதன் 2ஆம் பதிப்பு காமன் லிஸ்ப்பில் எழுதியது, எஸ்பிசிஎல் போன்ற ஒன்றுக்குள் ஏற்றிப் பயன்படுத்துவது. 3ஆம் பதிப்பு வேறு வீடு. அது சி++ இல் எழுதிய தனிச் செயலி, உள்ளே ஓடும் மொழி எஸ்7 என்ற ஸ்கீம். அந்தச் செயலியின் ஜன்னல்தான் கிரேஸ். ஸ்கீமும் லிஸ்ப் குடும்பம்தான், அடைப்புக்குறிகள் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருக்கும் பெயர்கள் மாறும். காமன் லிஸ்ப்பில் டெஃபன் என்று எழுதுவதை ஸ்கீமில் டிஃபைன் என்பார்கள். மிடி என்ற சுரக் குறிப்புகளை அனுப்பும் முறையே வேறு. உங்கள் கையில் இருப்பது 2க்கான பாடம் என்று நினைக்கிறேன். அதில் நியூ மிடி, ஈவன்ட்ஸ் என்ற சொற்கள் வருகின்றனவா?

ஏழும்ஐந்தும்:

ஆமாம் அண்ணா, நியூ மிடி என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது! அப்படியென்றால் கிரேஸை எடுத்துவிடலாமா?

குவிக்லிஸ்ப் இப்போது தானாக ஏறுகிறது. கோப்புறையையும் நகர்த்திவிட்டேன், கண்டுபிடித்துவிட்டது. ஆனால் ஏற்றும்போது திரை முழுக்க எச்சரிக்கை ஓடியது. ஸ்டைல்-வார்னிங், ஸ்டைல்-வார்னிங் என்று நிற்கவே இல்லை. கடைசியில் ஓரிடத்தில் நின்று வழிகளைக் காட்டியது. ஒன்று ரீட்ரை, இன்னொன்று அக்செப்ட். எதைத் தொடுவது என்று தெரியாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். கணினியை அணைக்கவும் பயமாக இருக்கிறது.

அடைப்புக்குறி:

அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை.

தாராளமாக அணைக்கலாம். ஸ்டைல்-வார்னிங் எல்லாம் எஸ்பிசிஎல்லின் முணுமுணுப்பு, பழைய நிரலைக் கண்டால் அப்படித்தான் புலம்பும். நின்ற இடம்தான் முக்கியம். அக்செப்ட் என்றால் "இந்தக் கோப்பு சரியாகவே தொகுக்கப்பட்டதாக வைத்துக்கொண்டு மேலே போ" என்று பொருள். பழைய நூலகங்களில் பெரும்பாலும் அது போதும். முதலில் ஒருமுறை ரீட்ரை கொடுங்கள், மறுபடி அதே இடத்தில் நின்றால் அக்செப்ட். பிழைச் செய்தியில் மாறிலி ஒன்று மறுபடி வரையறுக்கப்படுகிறது என்று இருந்தால் கவலையே வேண்டாம். அந்த விஷயத்தில் எஸ்பிசிஎல் மற்ற லிஸ்ப்களைவிடக் கொஞ்சம் கறார்.

கிரேஸை எடுக்க வேண்டாம், ஒரு மூலையில் இருக்கட்டும். அடைப்புக்குறியே பிடிக்காதவர்களுக்காக அதில் சால் என்று இன்னொரு மொழியும் உண்டு. ஆனால் இப்போதைக்குத் திறக்காதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டையும் கற்றால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

ஏறி முடிந்ததும் இன்-பேக்கேஜ் கட்டளையால் சிஎம் பேக்கேஜுக்குள் போக மறக்காதீர்கள். பாடங்கள் இதை ஒரே ஒரு முறை, முதல் பக்கத்தில் சொல்லிவிட்டு அப்புறம் வாயைத் திறக்காது. அடுத்த நாள் புதிதாகத் திறந்தால் நியூ என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லும்.

அப்புறம், ஒலியை இப்போது தேடாதீர்கள். முதல் இலக்கு ஒரு மிடி கோப்பு, அவ்வளவுதான். மிடி கோப்பில் ஒலியே கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டும்தான். விண்டோஸில் அதைப் படித்து வாசிக்க ஒரு எளிய சின்தசைசர் கூடவே வருகிறது. ஒலி பரிதாபமாகத்தான் இருக்கும், ஆனால் நீங்கள் எழுதியது சரியா என்று கேட்டுப் பார்க்க அது போதும். அந்தக் கோப்பை உங்கள் இசைக்குறிப்பு மென்பொருளிலும் திறக்கலாம்.

ஜாக்கிரதை:

இடையில் புகுகிறேன். நான் லினக்ஸில் இன்குடினே பயன்படுத்துகிறேன். காமன் லிஸ்ப்பிலிருந்தே நிகழ்நேரத்தில் ஒலி எழுப்பலாம், அருமையான கருவி. ஆனால் முதல் வாரத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள். அதற்கு சி மொழியில் எழுதியதை இயங்கும் நிரலாக மாற்றும் சி தொகுப்பி வேண்டும், ஒலியைக் கணினியின் ஒலிக்கருவிக்குக் கொண்டுசேர்க்கும் ஜாக் அல்லது போர்ட்ஆடியோ வேண்டும், ஒலிக்கோப்புக்கான நூலகம் வேண்டும், உங்கள் பயனர் கணக்குக்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுத்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சத்தம் வராது. எது குறைகிறது என்று லிஸ்ப் பக்கம் நின்று பார்த்தால் தெரியவும் தெரியாது. மிடி கோப்பு வழியே உத்தமம்.

அடைப்புக்குறிக்குள் எழுதி உடனே ஏதாவது கேட்க ஆசையாக இருந்தால், ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் நைக்விஸ்ட் ப்ராம்ப்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். நைக்விஸ்ட் என்பது ராஜர் டானன்பெர்க் எக்ஸ்லிஸ்ப் என்ற லிஸ்ப் வகையின் மேல் கட்டிய ஒலி மொழி. ஆடாசிட்டியைத் தொடங்கிய இருவரில் அவரும் ஒருவர் என்பதால் அது உள்ளேயே இருக்கிறது. ஒரு ஒலித்தடத்தில் கொஞ்சம் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அடைப்புக்குள் ஆஸ்க் (ஆங்கிலத்தில் ஓ, எஸ், சி) 60 என்று போடுங்கள். தேர்ந்தெடுத்த நீளத்துக்கு நடு சி ஒலிக்கும். தேர்ந்தெடுத்த இடத்தில் முன்பு இருந்த ஒலி போய்விடும், அதனால் வெற்றுத் தடத்தில் செய்யுங்கள்.

ஏழும்ஐந்தும்:

அக்கா, மன்னிக்கவும், இனி அக்காதான்.

அக்செப்ட் கொடுத்தேன், ஏறிவிட்டது! பாடத்தில் இருந்த ஒரு சுரத்தை ஈவன்ட்ஸ் மூலம் கோப்பில் எழுதச் சொன்னேன். முதலில் அனுமதி இல்லை என்றது. சரி, சி டிரைவில் இசை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு கோப்புறை போட்டு முழு முகவரியையும் மேற்கோளுக்குள் கொடுத்தேன். அப்போதும் எழுத முடியவில்லை என்கிறது. பிழைச் செய்தியில் கோப்புறைப் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் இருந்த சாய்கோடுகளைக் காணோம். நான் போட்டேன், சத்தியமாகப் போட்டேன்.

அடைப்புக்குறி:

போட்டீர்கள், லிஸ்ப் தின்றுவிட்டது. மேற்கோளுக்குள் பின்சாய்கோடு வந்தால் "அடுத்த எழுத்தை அப்படியே எடுத்துக்கொள்" என்று பொருள். அதனால் கோடு மறைந்து அடுத்த எழுத்து மட்டும் நிற்கும். முன்சாய்கோடு போடுங்கள், விண்டோஸிலும் அது வேலை செய்யும்.

முதலில் அனுமதி இல்லை என்றது வேறு காரணம். முகவரி கொடுக்காமல் வெறும் பெயர் மட்டும் கொடுத்தால், எஸ்பிசிஎல் எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு ஓடுகிறதோ அங்கே எழுதப் பார்க்கும். நிரல்கள் நிறுவப்படும் இடத்தில் நின்றிருந்தால் விண்டோஸ் விடாது.

ஏழும்ஐந்தும்:

எழுதிவிட்டது. நடு சி. அரை விநாடி. பியானோ மாதிரி ஏதோ ஒன்று. இவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு சுரம் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

நிற்காமல் என் ஏழுக்கு ஐந்துக்குப் போய்விட்டேன். பாடத்தைப் பார்த்து, சுரங்களை ஒவ்வொன்றாகத் தரும் ப்ராசஸ் ஒன்று எழுதினேன். ரிப்பீட் 35. ஃபார் போட்டு, சுற்றிச் சுற்றி வரும் சைக்கிள் என்ற பேட்டர்னில் ஏழு சுரங்கள். இன்னொரு ஃபார் போட்டு ஐந்து கால அளவுகள். அவுட்புட்டில் நியூ மிடி, நேரத்துக்கு நவ், சுரத்துக்கும் நீளத்துக்கும் நெக்ஸ்ட். ஓட்டினால் டமார் என்று ஒரு அடி, அத்துடன் முடிந்தது. மிடி கோப்பைக் குறிப்பு மென்பொருளில் திறந்து பார்த்தால் 35 சுரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக முதல் அடியிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அதுவும் எல்லாமே முதல் சுரம்தான்! மற்ற ஆறு எங்கே?

அடைப்புக்குறி:

இனி நிறுவல் பிரச்சினை இல்லை, இசைப் பிரச்சினைக்கு வந்துவிட்டீர்கள். இரண்டு தனித்தனிக் காரணங்கள்.

டமார்: உங்கள் ப்ராசஸில் வெயிட் இல்லை. சுரத்தின் நீளம் என்பது அந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்கும் என்பது மட்டும்தான். அடுத்த சுரம் எப்போது வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நவ் ஒவ்வொரு முறையும் பூச்சியம் என்றே பதில் சொல்லியிருக்கும். கால அளவை ஒரு பெயரில் வாங்கிக்கொண்டு, அதையே நீளத்துக்கும் கொடுங்கள், வெயிட்டுக்கும் கொடுங்கள். இரண்டு இடத்திலும் தனித்தனியாக நெக்ஸ்ட் போட்டுவிடாதீர்கள், வரிசை இரண்டிரண்டாகத் தாவும்.

எல்லாம் முதல் சுரம்: ஃபார் போட்டு எழுதியது ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நடக்கும். ஆக 35 முறையும் புத்தம் புதிய சைக்கிள் ஒன்று பிறந்து, தன் முதல் சுரத்தைத் தந்துவிட்டுப் போகிறது. இரண்டாவதைக் கேட்க யாரும் காத்திருக்கவில்லை. பேட்டர்ன்களை வித் போட்டு எழுதுங்கள், அது தொடக்கத்தில் ஒரே ஒரு முறை நடக்கும். அந்தப் பேட்டர்னிலிருந்து நெக்ஸ்ட் எடுப்பதை ஃபார் போட்டு எழுதுங்கள்.

35 என்று சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஏழும் ஐந்தும் அங்கேதான் முதன்முதலாக ஒன்றாக முடியும். இது 14ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் மோட்டெட் என்ற பல குரல் பாடல்களை எழுதியவர்கள் கையாண்ட வழி. சுர வரிசையை கலர் என்றும் கால வரிசையை டாலியா என்றும் சொல்வார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் கியோம் தெ மாஷோவின் மோட்டெட்களில் நிறையப் பார்க்கலாம். அவர்களுக்கு வெயிட் மறந்துபோகும் தொல்லை இருக்கவில்லை.

வேகத்தடை:

சரி, நானும் எஸ்பிசிஎல்லை இறக்கிவிட்டேன். நட்சத்திரக் குறி வந்திருக்கிறது.

ஏழும்ஐந்தும்:

வருகிறது அக்கா, வருகிறது! வித், ஃபார், வெயிட் மூன்றும் சேர்ந்ததும் அப்படியே ஓடுகிறது. மூன்றாவது சுரத்தை அரைச் சுரம் இறக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினேன், ஐந்து இடத்திலும் மாறிவிட்டது. வேகத்தடை, குவிக்லிஸ்ப்பில் என்டர் தட்ட மறக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. பாடத்தின் பின்பகுதியில் சிஎல்எம் என்று வருகிறது. அதில் மிடி இல்லாமல் நேராக ஒலியே செய்யலாமாம். ஏற்றிப் பார்த்தால் சி தொகுப்பியைத் தேடுகிறது. அதையும் போட்டுவிடலாமா?

அடைப்புக்குறி:

சிஎல்எம் பில் ஷாட்ஸ்டெட் எழுதியது, கிரேஸுக்குள் ஓடும் எஸ்7ஐ எழுதியவரும் அவரேதான். நீங்கள் லிஸ்ப்பில் எழுதும் ஒலிக்கருவியை அது சி மொழிக்கு மாற்றி, தொகுத்து, பிறகுதான் வாசிக்கும். அதற்குத்தான் தொகுப்பி. லினக்ஸிலும் மேக்கிலும் இது எளிது, விண்டோஸில் பொறுமை வேண்டும். இப்போதைக்கு மிடி கோப்பையே, வாத்திய ஒலிகள் அடங்கிய நல்ல சவுண்ட்ஃபான்ட் கோப்பு ஒன்றோடு ஃப்ளூயிட்சிந்த் என்ற சின்தசைசர் மென்பொருளில் வாசித்துப் பாருங்கள், அந்தப் பரிதாப பியானோவிலிருந்து தப்பிக்கலாம்.

அப்படியும் சிஎல்எம்தான் வேண்டும் என்றால் புது இழை தொடங்குங்கள், இது நீண்டுவிட்டது. எந்தத் தொகுப்பி, எந்தப் பதிப்பு, எஸ்பிசிஎல் பதிப்பு மூன்றையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். பிழைச் செய்தியை முதல் வரியிலிருந்து முழுதாக ஒட்டுங்கள். கைபேசியில் திரையைப் படம் பிடித்துப் போட வேண்டாம், எழுத்தாகவே.